பழைய தமிழ் இணையப் பக்கங்களைக் காப்பது எப்படி?

2000-ஆம் ஆண்டு வாக்கில் ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கச் சேவையில் பொழுதுபோக்காக அமைத்த தமிழ்ப் பக்கங்களின் கோப்புகள் ஒரு குறுந்தகட்டில் உள்ளன, அவற்றை எவ்வாறு பாதுகாப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்புகள் உங்கள் கையில் இருப்பதே பெரும் பேறு. 2009 அக்டோபரில் யாகூ அச்சேவையை மூடியபோது, அழியவிருக்கும் இணையதளங்களைச் சேமிக்கும் ஆர்க்கைவ் டீம் குழுவின் தன்னார்வலர்கள் நகலெடுத்தவை போக எஞ்சிய எத்தனையோ பக்கங்கள் அழிந்துபோயின.

முதலில் குறுந்தகட்டை முழுமையாக வன்தட்டுக்கு நகலெடுங்கள், ஏனெனில் வீட்டில் எழுதிய குறுந்தகடுகள் நாளடைவில் படிக்க முடியாமற் போகும். விடுபட்ட படங்களை, பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழைய முகவரியைக் கொடுத்துத் தேடலாம்.

தமிழ்ப் பக்கங்களுக்கு உண்மையான இடர் எழுத்துருவில்தான் இருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி, டாப், பாமினி எனப் பல குறியேற்றங்கள் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறைகள்) வழங்கியதால், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கட்டுரை பொருளற்ற குறிகளின் குவியலாகவே தெரியும். பாமினியில் எழுதியதோ வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஆகவே அந்த எழுத்துருக் கோப்பையும், எப்பக்கம் எக்குறியேற்றத்தில் உள்ளது என்ற குறிப்பையும் சேர்த்து வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றுவதை ஒரு நகலில் மட்டும் செய்யுங்கள்; மூலக்கோப்பில் ஓரெழுத்தையும் திருத்த வேண்டாம், அன்றைய எழுத்துப்பிழைகள் உட்பட. இதற்கான மாற்றி மென்பொருள்கள் கொம்பு, துணைக்கால் வரிசையில் தவறுவதுண்டு என்பதால் மாற்றிய பின் வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூலக்கோப்புகள், யூனிகோடு நகல் ஆகிய இவ்விரண்டு தொகுப்புகளையும் வெவ்வேறு இடங்களில் மூன்று பிரதிகளாக வையுங்கள்.