கீழ்வீட்டு வேப் ஆவி என் மகள் அறைக்குள் வருகிறது. சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி:

வணக்கம் ஐயா. எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. கணவரின் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தோம். உம்லாங்கா பக்கம் ஒரு காம்ப்ளெக்ஸில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் இருக்கும் இளைஞர் தினமும் இரவு பால்கனியில் நின்று வேப் (இ-சிகரெட்) பிடிக்கிறார். மாம்பழ மணம் மாதிரி ஒரு தித்திப்பான வாடை என் ஆறு வயது மகளின் படுக்கையறை ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. அவளுக்கு ஆஸ்துமா. இருமல் வந்தால் பம்ப் அடிக்காமல் தூங்க மாட்டாள். லிஃப்டிலும் அவர் பிடிக்கிறார். காம்ப்ளெக்ஸை நிர்வகிக்கும் டிரஸ்டிகளிடம் சொன்னோம். "ரூல்ஸில் ஸ்மோக்கிங் என்றுதான் இருக்கிறது, இது ஸ்மோக்கிங் இல்லையே" என்கிறார்கள். என் கணவர் கோபத்தில் அந்தப் பையன் பால்கனியில் நிற்கும் படத்தை எடுத்து காம்ப்ளெக்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அந்தப் பையனின் அம்மா இங்கே சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த தமிழ் ஆன்ட்டி, இதுவரை எங்களிடம் அன்பாக இருந்தவர். இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "என் பையன் சிகரெட்டை விட்டதே இதனால்தான், உங்களுக்கு என்ன தெரியும்" என்று கேட்டார். இந்தியாவில் இதை முழுக்கத் தடை செய்துவிட்டார்களே, இங்கே சட்டம் இல்லையா? போலீஸுக்குப் போகலாமா? விசாவில் இருக்கும் வாடகைக்காரர்கள் புகார் செய்தால் எங்களுக்கே திரும்புமா?

பதில்:

அன்புள்ள சகோதரி, குழந்தை மூச்சு வாங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பதற்றம் என்று எனக்குப் புரிகிறது. அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் அது இல்லை. புகையிலைச் சட்டம் இன்றைக்கு உங்களுக்குப் பெரிதாக உதவாது. அடுக்குமாடி வீட்டுச் சட்டம்தான் உதவும்.

இந்தியாவில் 2019-இல் வந்த சட்டம் இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாவற்றையும் தடை செய்தது. அங்கேயும் பிடிப்பவரை நேரடியாகத் தண்டிக்கும் பிரிவு அதில் இல்லை. தென்னாப்பிரிக்காவில் விற்பனைக்கே தடை கிடையாது. 2023 ஜூன் மாதத்திலிருந்து வேப் திரவத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 2.90 ராண்ட் என்று கலால் வரி போட்டு, பிறகு அதை உயர்த்தியும் வருகிறார்கள். அரசு வரி வாங்கும் பொருள் இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுப் பையன் கையில் அதை வைத்திருப்பது குற்றம் இல்லை.

பொது இடத்தில் புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்துவது 1993-ஆம் வருடத்தின் 83-ஆம் எண் புகையிலைப் பொருட்கள் கட்டுப்பாட்டுச் சட்டம். லிஃப்ட் விஷயத்தில் இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வேலையிடம் என்பதற்கு அது தரும் விளக்கத்தில், ஊழியர்கள் வேலை நேரத்தில் வந்து போகும் நடைபாதை, படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் வருகின்றன. உங்கள் காம்ப்ளெக்ஸில் துப்புரவு செய்யும் அம்மாவும் செக்யூரிட்டியும் அந்த லிஃப்டைத் தினமும் உபயோகிக்கிறார்கள் அல்லவா? ஆகவே அங்கே ஒருவர் சிகரெட் பிடித்தால் அவருக்கு 500 ராண்ட் வரை அபராதம், அதைத் தடுக்காமல் விட்ட நிர்வாகத்துக்கு 50,000 ராண்ட் வரை அபராதம் என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அதே சட்டம் புகைபிடிப்பது என்றால் பற்றவைத்த பொருளை இழுப்பது என்கிறது. வேப்பில் எதுவும் எரிவதில்லை, திரவம் சூடாகி ஆவியாகிறது, அவ்வளவுதான். உங்கள் டிரஸ்டிகள் சொன்னது சட்டத்தின் எழுத்துப்படி சரி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாலும் இதே பதில்தான் கிடைக்கும், அதனால் அங்கே அலைய வேண்டாம்.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு புதிய மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இ-சிகரெட்டையும் புகையிலையோடு சேர்த்து ஒரே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன, 2024 தேர்தலோடு அது காலாவதியாகி மறுபடி உயிர்பெற்றது. நான் இதை எழுதும்போது இன்னும் சட்டமாகவில்லை. அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உங்கள் கட்டடம் செக்‌ஷனல் டைட்டில் கட்டடம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதாவது வீடுகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு, படிக்கட்டு, லிஃப்ட் போன்றவை எல்லோருக்கும் பொதுவாகச் சொந்தம். பாடி கார்ப்பரேட் (உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு), டிரஸ்டி, லெவி (மாதப் பராமரிப்புக் கட்டணம்) என்றெல்லாம் இருந்தால் பெரும்பாலும் அதுதான். அப்படியானால் 2011-ஆம் வருடத்தின் 8-ஆம் எண் செக்‌ஷனல் டைட்டில் நிர்வாகச் சட்டம் அதற்குப் பொருந்தும். அதன் 13-ஆவது பிரிவு ஒவ்வொரு உரிமையாளருக்கும் வைக்கும் கடமைகளில் இரண்டு உங்களுக்கு முக்கியம். தன் வீட்டை இன்னொரு குடியிருப்பாளருக்குத் தொல்லை தரும் விதத்தில் உபயோகிக்கவும் கூடாது, அப்படி உபயோகிக்க விடவும் கூடாது. பொதுப் பகுதியை மற்றவர்களின் உபயோகத்துக்கு நியாயமில்லாமல் இடைஞ்சல் வரும்படி உபயோகிக்கக் கூடாது. இதில் சிகரெட்டா வேப்பா என்ற கேள்வியே எழவில்லை. ராத்திரி டிரம் அடித்தாலும், சாம்பிராணியை மூட்டை மூட்டையாகப் போட்டாலும் இதே பிரிவுதான். வீடு அந்த ஆன்ட்டி பெயரில் இருந்தால் பொறுப்பு அவருடையது, ஏனென்றால் "உபயோகிக்க விடவும் கூடாது" என்பது அவருக்குச் சொன்னது.

எது தொல்லை என்று யார் முடிவு செய்வது? இங்கேதான் பலர் வழக்கைக் கோட்டை விடுகிறார்கள். 1938-இல் அப்பீல் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. குடியிருப்புப் பகுதியில் ஒருவர் நடத்திய வழிபாட்டுக் கூட்டத்தின் சத்தம் பற்றியது. ஒரு சாதாரண மனிதர் அக்கம்பக்கத்தோடு வாழும்போது பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு மேல் போனால்தான் சட்டம் தலையிடும் என்று அதில் சொன்னார்கள். அந்த அளவுகோல் இன்றும் நிற்கிறது. கவனியுங்கள், அளவுகோல் சாதாரண மனிதர். "என் மகளுக்கு ஆஸ்துமா" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போனால், எதிர்த் தரப்பு "அது உங்கள் குழந்தையின் தனிப்பட்ட பிரச்சினை" என்று தள்ளிவிடப் பார்க்கும். அதனால் முதல் வாதம் இப்படி இருக்க வேண்டும்: யார் வீடாக இருந்தாலும், தினமும் இரவு படுக்கையறைக்குள் இன்னொருவர் வாயிலிருந்து வரும் ஆவி நுழைந்தால் அதைப் பொறுக்க முடியாது. ஆஸ்துமா அதற்கு அடுத்து வரட்டும். டாக்டர் கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள். வேப் ஆவி வெறும் நீராவி இல்லை, அதில் நிகோட்டினும் நுண்துகள்களும் இருக்கலாம், அது ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சுத் தொந்தரவைத் தூண்டலாம் என்று அவர் இரண்டு வரி எழுதினால் போதும்.

அதைவிட முக்கியம் ஒரு நோட்டு. இன்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள்: தேதி, மணி, எந்த ஜன்னல், எவ்வளவு நேரம் வாடை இருந்தது, ஜன்னலைச் சாத்தியும் வந்ததா, குழந்தைக்கு அன்று பம்ப் தேவைப்பட்டதா. வராத நாளையும் எழுதுங்கள். "ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கும் பக்கங்கள்தான் மற்றப் பக்கங்களை நம்ப வைக்கும். மூன்று நான்கு வாரம் ஓடட்டும். அதே வரிசையில் மேலே, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வாடை வந்தால் அவர்களிடமும் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

இனி அந்த வாட்ஸ்அப் படம். சகோதரி, அதை இன்றே குரூப்பிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். தன் வீட்டுப் பால்கனியில் நிற்கும் ஒருவரைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டினால், அந்தரங்க உரிமை, அவதூறு என்று அவர்கள் பேச இடம் கொடுத்த மாதிரி. திரும்பத் திரும்ப நடந்தால் 2011-ஆம் வருடத்தின் தொந்தரவுத் தடுப்புச் சட்டத்தில் உங்கள் கணவர் மேலேயே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். படத்தோடு "இவன் டாக்கா (கஞ்சா) அடிக்கிறான்" என்று யாராவது சேர்த்து எழுதியிருந்தால் அதையும் அழிக்கச் சொல்லுங்கள். வயது வந்தவர் தன் வீட்டுக்குள் கஞ்சா உபயோகிப்பதையே 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. ஆதாரமில்லாத அந்த வார்த்தை உங்களைத்தான் சிக்கலில் விடும்.

படத்தை நீக்கிய பிறகு நீங்கள் நேரில் போய் ஆன்ட்டியைப் பாருங்கள். பதிலுக்குச் சண்டை போடப் போக வேண்டாம், உங்கள் கணவர் செய்தது தவறு என்று சொல்லத்தான் போங்கள். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சிகரெட்டை விட முயல்பவர்கள் வேப்புக்கு மாறுவது இங்கே நிறைய நடக்கிறது, ஒரு தாய்க்கு அது பெரிய நிம்மதி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது ஏறக்குறைய ஐந்து மாதம் சிகரெட், வேப் விற்பனையையே இந்த நாட்டில் நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கசப்பு இன்னும் பலர் மனதில் இருக்கிறது. "தடை" என்ற சொல்லைக் கேட்டாலே எதிர்த்து நிற்கிறார்கள். ஆகவே "வேப்பை நிறுத்தச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். இரவு வேளையில் அந்தப் பால்கனியில் வேண்டாம், கீழே கார் நிறுத்தும் திறந்த இடத்தில் ஜன்னல்களை விட்டுத் தள்ளி நின்று பிடிக்கட்டும், லிஃப்டில் எப்போதும் வேண்டாம் என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட தகராறுகளில் பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் எழுத்தில் போங்கள். நீங்கள் வாடகைக்காரர் என்பதால் உங்கள் வீட்டு உரிமையாளர் வழியாக மேனேஜிங் ஏஜென்டுக்கும் டிரஸ்டிகளுக்கும் ஒரு மின்னஞ்சல். அதில் இந்த மாதிரி எழுதுங்கள்: "எங்கள் புகார் புகைபிடித்தல் விதியின் கீழ் அல்ல. நிர்வாகச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் உள்ள தொல்லை தராமல் இருக்கும் கடமையின் கீழ். இணைத்துள்ள குறிப்புகளைப் பார்த்து, எடுக்கும் நடவடிக்கையை 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்." இதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். காண்டக்ட் ரூல்ஸ் (குடியிருப்பவர்களுக்கான நடத்தை விதிகள்) பிரதி உங்கள் வாடகை ஒப்பந்தத்தோடு இணைத்திருக்க வேண்டும், வாடகை வீட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இல்லையென்றால் உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

டிரஸ்டிகள் ரூல்ஸை மாற்றவும் முடியும், ஆனால் அவர்கள் நாலு பேர் உட்கார்ந்து முடிவெடுத்தால் ஆகாது. உரிமையாளர்கள் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும், எண்ணிக்கையிலும் மதிப்பிலும் 75 சதவீத ஓட்டு. பிறகு அந்த விதியைச் சமூகக் குடியிருப்பு ஓம்பட் அலுவலகம் (இப்படிப்பட்ட குடியிருப்புத் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பு) ஏற்க வேண்டும். ஓட்டு உங்களுக்கு இல்லை, உங்கள் உரிமையாளருக்குத்தான். அவர் பிராக்ஸி (தன் சார்பில் கலந்துகொள்ள எழுத்தில் தரும் அதிகாரம்) கொடுத்தால் நீங்கள் போய்ப் பேசலாம். விதி நியாயமானதாகவும் எல்லா உரிமையாளருக்கும் ஒன்றாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. பொதுப் பகுதியில் வேப் கூடாது, வீட்டுக்குள்ளிருந்து ஆவி பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது என்ற விதி நிற்கும். யாரும் தன் வீட்டுக்குள்ளேயே தொடக் கூடாது என்று போட்டால் அதைத் தாங்கிப் பிடிப்பது கஷ்டம். அபராதம் போடுவதென்றாலும் அதற்கு விதியில் இடம் இருக்க வேண்டும், எதிர்த் தரப்பைக் கேட்காமல் போடக் கூடாது.

14 நாளில் பதில் இல்லை, அல்லது "எங்களால் ஆகாது" என்கிறார்கள். சரி, அப்போது நான் மேலே சொன்ன அந்த ஓம்பட் அலுவலகம். 2011-ஆம் வருடத்தின் 9-ஆம் எண் சட்டத்தில் உருவானது, டர்பனிலும் அதற்கு அலுவலகம் உண்டு. ஒவ்வொரு வீட்டின் லெவியிலும் மாதம் 40 ராண்ட் வரை அதற்குப் போகிறது, ஆகவே கூச்சப்படாமல் போங்கள். முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள். அது நடக்கவில்லை என்றால் தீர்ப்பாளர் ஒருவர் விசாரிப்பார். ஒருவரின் நடத்தை தொல்லைதான் என்று அறிவித்து, அதை நிறுத்தும்படி உத்தரவிட 39-ஆவது பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. அந்த உத்தரவை நீதிமன்ற உத்தரவு போலவே அமல்படுத்தலாம். பொதுவாக அங்கே வக்கீல் தேவையில்லை, தீர்ப்பாளர் அனுமதித்தால்தான் வரவே முடியும். என் போன்றவர்களுக்குக் காசு கொடுப்பதை விட அந்த நோட்டை ஒழுங்காக எழுதுவது உங்களுக்கு அதிகம் உதவும்.

எதுவும் ஒத்துவரவில்லை, வீட்டை மாற்றுவதுதான் வழி என்று தோன்றினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க வழி உண்டு. நியாயமான ஒரு தொகை கேட்பார்கள். உங்கள் உரிமையாளர் வாடகைக்கு விடுவதைத் தொழிலாகச் செய்பவரா என்பதைப் பொறுத்து இது மாறும், அதனால் நோட்டீஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கள்.

விசா பற்றிய பயம் வேண்டாம். ஓம்பட் சட்டம் "குடியிருப்பவர்" என்றுதான் பேசுகிறது, குடியுரிமை கேட்கவில்லை. அரசியலமைப்பின் 24-ஆவது பிரிவும் உடலுக்குக் கேடில்லாத சூழல் "ஒவ்வொருவருக்கும்" உரிமை என்கிறது. வீட்டுத் தகராறு ஒன்றில் முறைப்படி புகார் கொடுத்தது உங்கள் விசாவைத் தொடாது. நோட்டில் முதல் வரியை இன்று இரவே எழுதுங்கள்.