வீட்டுத் தோட்டத்துல சோலார் குளம்: நீங்க கேட்டதும் என் பதிலும்

சின்னதா ஒரு குளம் வெட்டி, சோலார் பம்ப் போட்டு, செடி வேர் வழியா தண்ணிய சுத்தம் பண்ணணும்னு ஆசைப்படுறவங்க அனுப்புன கேள்விங்கள்ல பொதுவா எல்லாருக்கும் உதவுறத எடுத்திருக்கேன். ஒண்ணு ரெண்டுக்கு பதில் நீளமா போயிடுச்சு, அங்கதான் மீனோட உயிர் இருக்கு, அதான்.

கேள்வி: அண்ணா, 1500 லிட்டர் குளம், 10 வாட் சோலார் பம்ப், பேட்டரி இல்ல. பகல்ல சூப்பரா ஓடுது, பொழுது சாஞ்சா நின்னுடுது. பேட்டரி கண்டிப்பா வேணுமா?

பதில்: மீன் விடலன்னா வேணாம், நிம்மதியா இருங்க. மீன் இருக்குன்னா ராத்திரிய வெச்சுதான் மொத்த கணக்கையும் போடணும். பகல் வெளிச்சத்துல செடியும் பாசியும் ஆக்ஸிஜன் விடும், இருட்டுனதும் அதுங்களும் மீனோட சேர்ந்து ஆக்ஸிஜன எடுக்க ஆரம்பிச்சிடும், அதனால விடியுறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் தண்ணில ஆக்ஸிஜன் ரொம்ப ரொம்ப கம்மியா இருக்கும், நம்ம பம்ப் நின்னு கிடக்குறதும் அதே நேரம்தான். வெயில் காலத்துல இன்னும் கஷ்டம், 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கும், அதே தண்ணி 30 டிகிரி ஆயிட்டா ஏழரை தான்.

என் முதல் குளத்துல இத நேர்ல பாத்தேன். விடியகாலைல டார்ச் அடிச்சு பாத்தா எல்லா மீனும் மேல வந்து வாய மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, கிட்ட போனாலும் உள்ள ஓடல, அதான் பயமா இருந்துச்சு. பக்கெட்டால மொண்டு மொண்டு இடுப்பு உயரத்துல இருந்து ஊத்திக்கிட்டே இருந்தேன், வெளிச்சம் வர்ற வரைக்கும். நாலு பொழச்சுது, மூணு போயிடுச்சு.

இப்போ கணக்குக்கு வருவோம். 10 வாட் பம்ப் ராத்திரி 12 மணி நேரம் ஓடணும்னா 120 வாட் ஹவர். லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு கீழ இறக்கக் கூடாது, இறக்குனா சீக்கிரம் செத்துடும், அதனால 12 வோல்ட் 20 ஆம்பியர் ஹவர் வாங்கணும் (12ஐ 20ஆல பெருக்குனா 240 வாட் ஹவர், அதுல பாதி 120). லித்தியம் அயர்ன் பாஸ்பேட்னா 12 ஆம்பியர் ஹவரே போதும். ஆனா பகலும் சேர்த்து 24 மணி நேரம் ஓட்ட ஒரு நாளைக்கு 240, நடுவுல வீணாகுறத சேர்த்தா 300 வாட் ஹவர் வேணும், நல்ல வெயில் நாலஞ்சு மணி நேரம்னு வெச்சா 60ல இருந்து 75 வாட் பேனல் ஆயிடும். அதனால நான் சொல்றது, பகல்ல பம்ப் நேரா பேனல்லயே ஓடட்டும், ராத்திரிக்கு 3 வாட் ஏர் பம்ப் ஒண்ணு, ஏர் ஸ்டோனோட (காத்த சின்னச் சின்ன குமிழா பிரிச்சு விடுற கல்லு), அத மட்டும் பேட்டரில போடுங்க. அதுக்கு ராத்திரி முழுக்க 36 வாட் ஹவர்தான் ஆகும், மீனுக்கு வேண்டியது கிடைச்சுடும்.

கேள்வி: செடி ஃபில்டர்னு சொல்றாங்களே, ஜல்லி போட்டு செடி நட்டா போதுமா? எவ்ளோ பெருசா கட்டணும்?

பதில்: குளத்தோட பரப்புல கால் பங்கு இருந்தா நல்லது, மீன் கம்மின்னா பத்துல ஒரு பங்கு கூட தாங்கும். குளத்துக்கு பக்கத்துல தனித் தொட்டியா கட்டுங்க, அதோட விளிம்பு குள மட்டத்த விட நாலு விரல் மேல இருக்கட்டும், அப்பதான் தண்ணி தானா வழிஞ்சு குளத்துக்குள்ள விழும், அந்த விழுற சத்தத்தோட ஆக்ஸிஜனும் சேருது.

முக்கியமான விஷயம், தண்ணி அடியில இருந்து மேல வரணும். பம்ப்ல இருந்து வர்ற பைப்ப தொட்டி அடிக்கு கொண்டு போய், அங்க ஒரு பிவிசி பைப்ல ரெண்டு இஞ்ச்சுக்கு ஒரு தடவை ஆக்ஸா பிளேடால கீறல் போட்டு படுக்க வைங்க, கடைசி முனைல ஒரு எல்போ போட்டு பைப்ப ஜல்லிக்கு மேல வரைக்கும் நிமித்தி ஒரு மூடி போட்டுடுங்க. இந்த நிமித்துன பைப்ப நிறைய பேர் வேணாம்னு விட்டுடுறாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அடியில சேறு அடைச்சதும் மொத்த ஜல்லியையும் வாரி வெளிய கொட்டுறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். மூடியத் திறந்து ஓஸ் விட்டு அடிச்சா சேறு வந்துடும், வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

பைப்ப சுத்தி பெரிய கல்லு, அதுக்கு மேல 10 மில்லிமீட்டர் கூழாங்கல் ஒரு அடி உயரம். நடுவுல துணி, வலை எதுவும் விரிக்காதீங்க, அடைச்சுக்கும். மண்ணு ஒரு பிடி கூட வேணாம். செடிய அது வளர்ந்த பூந்தொட்டில இருந்து எடுத்து பக்கெட் தண்ணில வேர அலசி அலசி, தண்ணி கலங்காம தெளிவா வர்ற வரைக்கும் மண்ண எடுத்துட்டு வெறும் வேரோட கல்லுக்குள்ள சொருகுங்க. முதல் வாரம் இலை வாடி மஞ்சளாகும், பயந்துடாதீங்க, கல்ல லேசா விலக்கிப் பாத்தா வெள்ளையா புது வேர் நூல் மாதிரி கிளம்பியிருக்கும்.

கல்லு மேல ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க, நுரை வந்தா அது சுண்ணாம்புக் கல்லு, தண்ணியோட பிஎச்ச (அமில, காரத் தன்மைய சொல்ற அளவு) ஏத்திடும், அத போட வேணாம்.

கேள்வி: குளம் ரெடியாகி மூணு வாரம்தான் ஆச்சு, தண்ணி பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு. மொத்தமா மாத்திடட்டுமா?

பதில்: மாத்தாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். புதுத் தண்ணி ஊத்துனா திரும்ப முதல்ல இருந்து பச்சையாகும். இப்போ உள்ள என்ன நடக்குதுன்னா, மீன் கழிவுல இருந்து அமோனியா வருது, அத ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அத நைட்ரேட்டா மாத்தும், அந்த நைட்ரேட்டதான் செடி சாப்பிடுது. இந்த பாக்டீரியா ரெண்டும் ஜல்லி மேல படலமா ஒட்டி வளர 4ல இருந்து 6 வாரம் ஆகும், செடி வேர் பிடிக்கவும் அதே அளவு நாள் ஆகும், அது வரைக்கும் அந்த சத்த எல்லாம் பாசி சாப்பிட்டு கொழுக்குது. நீங்க செய்ய வேண்டியது ரெண்டுதான், அல்லி மாதிரி இலை மிதக்குற செடி வெச்சு தண்ணி பரப்புல பாதிக்கு நிழல் குடுங்க, மீனுக்கு தீனிய குறைங்க, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு போதும். மீனே இன்னும் விடலன்னா இன்னும் நல்லது, ஒன்றரை மாசம் கழிச்சு விடுங்க, அப்பவும் மொத்தமா விடாம ரெண்டு ரெண்டா விடுங்க.

கேள்வி: பம்ப் பெட்டில மணிக்கு 800 லிட்டர்னு போட்டிருக்கு, ஆனா தண்ணி ஒழுகுற மாதிரிதான் வருது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: அந்த 800ங்கிறது தண்ணிய மேல தூக்காம, முழு வெயில்ல வர்ற அளவு. பக்கத்துலயே அதிகபட்ச உயரம்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, அந்த உயரத்துல ஒரு சொட்டு கூட வராது, நடுவுல எல்லாம் படிப்படியா குறையும். 10 லிட்டர் பக்கெட்ட ஃபில்டர் தொட்டி கிட்ட வெச்சு போன்ல டைமர் போடுங்க, ஒரு நிமிஷத்துல நிறைஞ்சா மணிக்கு 600 லிட்டர். குளத்துத் தண்ணி முழுசும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்துனா சின்னக் குளத்துக்கு தாராளம்.

கம்மியா வந்தா முதல்ல பேனல பாருங்க, ஒரு கிளையோட நிழல் ஒரு ஓரமா விழுந்தாலே கரண்ட் பாதியா குறையலாம், தூசியையும் துடைச்சு விடுங்க. அப்புறம் வயர். 12 வோல்ட்ல தூரம் போனா வோல்டேஜ் விழும், 20 மீட்டர் தள்ளி பேனல வெச்சு 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டா 10 வாட் பம்ப்புக்கு முக்கால் வோல்ட் வழிலயே போயிடும், 2.5 போட்டா கால் வோல்ட்டோட முடிஞ்சுடும்.

கேள்வி: கொசு வருமேன்னு வீட்ல பயப்படுறாங்க.

பதில்: நியாயமான பயம்தான், சூடான தண்ணில முட்டை கொசுவாக 7ல இருந்து 10 நாள் போதும். ஆனா கொசுவுக்கு அசையாத தண்ணி வேணும். தண்ணி ஜல்லிக்கு மேல தேங்கி நிக்காம கல்லுக்குள்ளயே ஓடட்டும், குளத்துல ரெண்டு மூணு கப்பி மீன் விட்டா புழு எதுவும் தங்காது. மீன் வேணாம்னா பிடிஐங்கிற பாக்டீரியா கட்டி போடலாம், கொசுப்புழுவதான் கொல்லும், மீன், தவளை, தும்பி இதுங்கள ஒண்ணும் பண்ணாது. கப்பி பெருகிடுச்சுன்னு ஆத்துலயோ ஏரிலயோ மட்டும் விட்டுடாதீங்க, அங்க இருக்குற மீனுக்கு ஆபத்து.

கேள்வி: என்ன செடி வைக்கலாம்? ஆகாயத்தாமரை சீக்கிரம் சுத்தம் பண்ணும்னு சொல்றாங்க.

பதில்: பண்ணும், அப்புறம் குளத்தையே மூடிடும், வெளிய போச்சுன்னா ஊர் நீர்நிலைக்கே கேடு. வேணாம். ஜல்லில கல்வாழை, வசம்பு, வெட்டிவேர், ஓரத்துல வல்லாரை, நீர்ப்பிரமி. எனக்கு கல்வாழைதான் முதல், வேகமா வளருது, பூவும் குடுக்குது. சம்பு வைக்காதீங்க, அதோட கிழங்கு முனை ஊசி மாதிரி, தண்ணி மண்ணுக்குள்ள போகாம குளத்துக்குள்ள விரிக்கிற ஷீட்டு, அதான் லைனர், அதையே குத்திக் கிழிச்சிடும். வளந்தத அப்பப்போ வெட்டி வெளிய எடுக்கணும், அப்பதான் செடி உறிஞ்சுன சத்து குளத்த விட்டு போகும், வெட்டாம விட்டா இலை அழுகி எல்லாம் திரும்ப தண்ணிக்குள்ளயே வந்துடும்.

கேள்வி: லைனர் எவ்ளோ வாங்கணும்?

பதில்: நீளத்தோட ஆழத்த ரெண்டு தடவை கூட்டி, ஓரத்துக்கு 60 சென்டிமீட்டர் சேருங்க, அகலத்துக்கும் அப்படியே. இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம்னா 4.3க்கு 3.3 மீட்டர்.

கேள்வி: தினம் தண்ணி குறையுது, ஓட்டையா, ஆவியாகுதான்னு தெரியல.

பதில்: ஒரு பக்கெட்ல தண்ணி நிரப்பி குளத்துக்குள்ளயே ஒரு படில வைங்க, ரெண்டுலயும் மட்டத்த மார்க்கர்ல குறிச்சு பம்ப ஆஃப் பண்ணி ஒரு நாள் விடுங்க, மீன் இருந்தா ஏர் பம்ப் ஓடட்டும். ரெண்டும் ஒரே அளவு குறைஞ்சா ஆவிதான். குளம் மட்டும் அதிகமா குறைஞ்சா லைனர்ல ஓட்டை, மட்டம் எங்க இறங்கி நிக்குதோ அந்த வரிசைலதான் இருக்கும், சுத்தி தடவிப் பாருங்க. பம்ப் ஓடும்போது மட்டும் குறையுதுன்னா ஃபில்டர் தொட்டி ஓரத்துலயோ பைப் ஜாயின்ட்லயோ தண்ணி வெளிய போகுது, பக்கத்து மண்ணு ஈரமா இருக்கும். இப்படி ரிப்பேர் பண்ண பம்ப் நாலஞ்சு நாள் நின்னுடுச்சுன்னா ஜல்லி அடியில ஆக்ஸிஜன் தீந்து அழுகின முட்டை நாத்தம் வரும், திரும்ப ஓட்டும்போது முதல்ல வர்ற கறுப்புத் தண்ணிய குளத்துக்குள்ள விடாதீங்க, நாத்தம் போற வரைக்கும் நிமித்தி வெச்ச பைப் வழியா வெளிய எடுத்து தோட்டத்துச் செடிக்கு ஊத்திடுங்க.