அகச்சிவப்பு ஃபிலிம்: பெட்டியில் எழுதாத எண்

கேள்வி: ரோலை இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) 400 ஃபிலிம் ஒரு சுருள் வாங்கினேன். ‘எல்லாக் கேமராக்களுக்கும் ஏற்ற இன்ஃப்ராரெட் ஃபில்டர்’ என்ற இணைய விளம்பரத்தை நம்பி, 950 நானோமீட்டர் ஃபில்டர் ஒன்றையும் வாங்கினேன். 36 படங்களில் ஒன்றுகூட விழவில்லை. பொருளில் குறை இல்லை என்று சொல்லி, விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (திருச்சி)

பதில்: உங்கள் மீது தவறு இல்லை. நானோமீட்டர் எண் ஒளியின் அலைநீளத்தைக் குறிக்கிறது; மனிதக் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டரோடு நின்றுவிடுகிறது. நீங்கள் வாங்கிய ஃபிலிம் ஏறத்தாழ 820 வரை உணரும், இல்ஃபோர்டு எஸ்.எஃப்.எக்ஸ் 200 என்ற இன்னொரு ஃபிலிம் ஏறத்தாழ 740 வரைதான் உணரும். 950 என்று பொறித்த ஃபில்டரோ அந்த எல்லைக்குக் கீழே உள்ள ஒளியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. ஆகவே, ஃபிலிம் உணரக்கூடிய ஒளியை ஃபில்டர் விடவில்லை, ஃபில்டர் விட்ட ஒளியை ஃபிலிம் உணரவில்லை. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே 36 முறை பொத்தானை அழுத்தியதற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. இத்தகைய ஃபில்டர்கள், உள்ளிருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை நீக்கிய டிஜிட்டல் கேமராக்களுக்கு உரியவை.

என் நெடுநாள் ஆற்றாமையும் இதுதான். ஃபிலிம் எந்த எண் வரை உணரும் என்பதைப் பெட்டியின் முகப்பில் அச்சிடுவதில்லை. ஃபில்டர் விற்பவர்களோ எண்ணை அச்சிட்டுவிட்டு, அது எந்த ஃபிலிமோடு சேரும் என்பதைச் சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே ‘இன்ஃப்ராரெட்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, பொருத்தம் பார்க்கும் வேலையை, அப்படி ஒரு வேலை இருப்பதே அறியாத புதியவரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். நானும் ஏமாந்தவன்தான். 720 ஃபில்டரைவிட 850 மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, ஒரு தென்னந்தோப்பில் காலைப்பொழுது முழுவதையும் செலவழித்து, கண்ணாடி போலத் தெளிந்த வெற்றுச் சுருளோடு திரும்பினேன். ரோலைக்கும் எஸ்.எஃப்.எக்ஸுக்கும் ஹோயா ஆர் 72 போன்ற 720 ஃபில்டரே பொருத்தம். எஸ்.எஃப்.எக்ஸில் 720-க்கும் 740-க்கும் இடைப்பட்ட மெல்லிய கீற்று மட்டுமே பதிவாவதால், நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ‘எல்லாக் கேமராக்களுக்கும்’ என்ற விளம்பரத்தை உடனே படமெடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: கோடாக் ஹை ஸ்பீடு இன்ஃப்ராரெட், உறை பிரிக்காதது, விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை அதிகம். வாங்கலாமா? (கோவை)

பதில்: வேண்டாம். 2007-இல் நின்றுபோன ஃபிலிம் அது. உறை புதிதாக இருக்கலாம், உள்ளே இருப்பது பெரும்பாலும் மூட்டமாகத்தான் இருக்கும்.

கேள்வி: எஸ்.எஃப்.எக்ஸ் சுருளை ஒரு லேபில் கழுவக் கொடுத்தேன். முழுவதும் வெறுமையாக வந்தது. ‘காலாவதியான ஃபிலிம்’ என்று சொல்லிக் கழுவிய கூலியையும் வாங்கிக்கொண்டார்கள். (மதுரை)

பதில்: சுருளின் தொடக்கத்தில் உள்ள நாக்குப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கேமராவில் மாட்டும்போதே ஒளி பட்ட பகுதி அது. முறையாகக் கழுவியிருந்தால் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். அதுவும் வெறுமையாக இருந்தால், கறுப்பு வெள்ளை ஃபிலிமை வண்ண ஃபிலிமுக்கான சி-41 இரசாயனத்தில் போட்டிருப்பார்கள் என்பதே முதல் ஐயம். அந்த முறையில் படத்தைத் தாங்கும் வெள்ளி முழுவதும் கரைந்து வெளியேறிவிடும். சுருளோடு நேரில் சென்று, எந்த இரசாயனத்தில் கழுவினீர்கள் என்று எழுதித் தரும்படி கேளுங்கள். கூலியையும் ஃபிலிமின் விலையையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போன படங்களுக்கு ஈடு கிடையாது என்பதுதான் என் வருத்தம்.

(திருச்சி வாசகரும் நாக்கைப் பார்க்கட்டும். அது கறுத்திருந்தால் லேபைக் குறைசொல்ல இயலாது, குற்றவாளி ஃபில்டரே.)

கேள்வி: ஃபில்டர் மாட்டியதும் வ்யூஃபைண்டரில் எதுவும் தெரியவில்லை. குத்துமதிப்பாகக் கையில் பிடித்தே எடுத்தேன். எல்லாம் மங்கல். வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா? (சேலம்)

பதில்: லென்ஸ் வாங்குவதற்கு முன் முக்காலி வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் வழியே எதுவும் தெரியாமல் போவது குறைபாடு அன்று. பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஃபில்டர் இல்லாமல் காட்சியை அமைத்துக் குவியத்தைச் சரிசெய்யுங்கள். பழைய லென்ஸ்களில் குவியக் கோட்டுக்கு அருகே சிவப்புப் புள்ளியோ கோடோ இருக்கும். கிடைத்த தொலைவை அந்தக் குறிக்கு நகர்த்துங்கள், ஏனெனில் அகச்சிவப்பு ஒளி சற்றுத் தள்ளிக் குவிகிறது. துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, அதன் பின் ஃபில்டரை மாட்டுங்கள். ரோலை 400-உடன் 720 ஃபில்டர் என்றால், ஃபில்டர் தடுக்கும் ஒளியை ஈடுகட்ட, ஃபில்டர் இல்லாமல் அளக்கும் ஒளிமானியை ஐ.எஸ்.ஓ 12, 6, 3 என வைத்து, ஒரே காட்சியை மூன்று முறை எடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது தானியங்கி ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா. போதுமா? (புதுச்சேரி)

பதில்: அவற்றுள் சில, ஃபிலிமின் ஓரத் துளைகளை எண்ணுவதற்கு உள்ளேயே அகச்சிவப்பு விளக்கை எரிக்கின்றன; அந்த ஒளி பட்டுப் படத்தின் ஓரம் மூட்டமாகிவிடும். மின்கலமே இல்லாமல் இயங்கும் பழைய எஸ்.எல்.ஆர் இரவல் கிடைத்தால் அதில் தொடங்குங்கள்.

கேள்வி: இலைகள் ஊதா நிறமாக விழும் லோமோகுரோம் பர்ப்பிள், இன்ஃப்ராரெட் ஃபிலிம்தானே? (ஈரோடு)

பதில்: இல்லை. கோடாக் ஏரோகுரோம் என்ற பழைய அகச்சிவப்பு வண்ண ஃபிலிமின் நிறங்களை நினைவூட்டும் சாதாரண வண்ண ஃபிலிம். நிறம் பிடித்திருந்தால் வாங்குங்கள், 720 ஃபில்டரை அதில் மாட்டாதீர்கள்.

கேள்வி: கல் மண்டபத்தை ஒரு சுருள் முழுக்க எடுத்தேன். சாதாரணக் கறுப்பு வெள்ளை போலவே இருக்கிறது. ஃபிலிம் போலியா? (தஞ்சாவூர்)

பதில்: ஃபிலிம் அசல்தான், நீங்கள் நின்ற இடம் பொருந்தவில்லை. 1910-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் வெளியிட்ட அகச்சிவப்புப் படங்களில் மரங்கள் பனி படர்ந்தாற்போல வெளுத்ததற்கு, இலையின் உட்திசுக்கள் அகச்சிவப்பு ஒளியை வலுவாகத் திருப்பி அனுப்புவதே காரணம்; கல்லுக்கு அந்தக் குணம் இல்லை. வெயில் ஏறிய பிறகு, நீல வானத்தின் கீழ் ஒரு வேப்பமரத்தை எடுத்துப் பாருங்கள். ரோலையின் 35 மி.மீ. சுருளின் பிளாஸ்டிக் அடிப்படலம் ஒளியை ஓரத்திலிருந்து உள்ளே கடத்தக்கூடியது என்பதால், மாட்டுவதையும் கழற்றுவதையும் மட்டும் அந்த மண்டபத்தின் நிழலிலேயே செய்துகொள்ளுங்கள்.