லோகோவுக்கு முன்னால் மிளகாய் வாங்குங்கள்

கேள்வி: நான்கு வருடமாக வீட்டை ஒட்டிய ஷெட்டில் மசாலாத்தூள் தயாரித்து விற்கிறேன். குழம்புத்தூள், சாம்பார்பொடி, ரசப்பொடி, இட்லிப்பொடி என்று ஆறு சரக்கு. வேலைக்கு நான்கு பெண்கள். படித்து முடித்த அக்கா மகன் ஆறு மாதமாக மேற்பார்வை பார்க்கிறான். மதுரையில் ஒரு டிசைன் கம்பெனி லோகோ, கவர், 'பிராண்ட் ஸ்டோரி' எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்கிறான் அவன். இதற்கிடையில், மூன்று வருடம் இருந்த ஒரு பெண் போன மாதம் வேறு இடத்துக்குப் போய்விட்டாள். மிளகாய் விலை ஏறியதால் குழம்புத்தூளில் மல்லியைக் கொஞ்சம் கூட்டினோம். நிறம் வெளுத்திருக்கிறது என்று இரண்டு கடைக்காரர்கள் பாக்கெட்டைத் திருப்பிவிட்டார்கள். தொழில் வளர பிராண்டும் கம்பெனி கல்ச்சரும் வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நான்கு பேர் வேலை செய்கிற இடத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, அந்த 60,000 ரூபாயை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் லோகோவுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். மல்லி கூட்டிய சங்கதி ஒரே வரியில் வந்து போகிறது. எனக்கென்னவோ நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அந்த ஒரு வரியில்தான் கிடக்கிறது.

அன்றைக்கு என்ன நடந்திருக்கும்? வறுக்கிற பெண்ணிடம் "மல்லி இன்னும் ரெண்டு கிலோ சேர்த்துப் போடு" என்று சொல்லியிருப்பீர்கள். போட்டிருப்பார். அரைத்து வந்ததைத் தாளில் பரப்பி ஆற வைத்தவர் கண்ணுக்கு நிறம் தெரியாமல் இருந்திருக்காது. நிறுத்து, கவரில் கொட்டி, சீலிங் மெஷினில் வைத்தவருக்கும் தெரிந்திருக்கும். தினமும் அதே தூளைப் பார்க்கிற கண் ஆயிற்றே. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைக்காரர் சொல்லித்தான் விஷயம் உங்களிடம் வந்து சேர்ந்தது. காசு முட்டினால் பக்குவம் மாறும், அதைப் பற்றி நாம் பேசக் கூடாது என்று அந்தப் பெண்கள் அன்றைக்குக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கூட்டங்களில் கம்பெனி கல்ச்சர் என்று பேசுவது இதைத்தான். நான்கு பேர் இடத்தில் அது நடக்குமா என்று கேட்கிறீர்கள். ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பிராண்டும் அதேதான். போன மாதம் வைத்த குழம்பும் இந்த மாதம் வைத்த குழம்பும் ஒரே மாதிரி இருந்தால், உங்கள் கவர் எவ்வளவு சுமாராக இருந்தாலும் அந்த வீட்டம்மா கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார். மாறிப்போனால், புது லோகோவைப் பார்த்து ஒரு தடவை வாங்குவார். அதோடு சரி.

ஆகவே அந்தப் பணத்தை மிளகாயில் போடுங்கள். ராமநாதபுரம் முண்டு ஆனாலும் குண்டூர் மிளகாய் ஆனாலும் வரத்து அதிகமாக இருப்பது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான். அப்போது வாங்கி, இன்னும் இரண்டு வெயில் காட்டி, மூட்டையைத் தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வைத்தால், விலை ஏறுகிற மாதங்களில் சில மாதத்தையாவது நிம்மதியாக ஓட்டலாம். வருடம் முழுமைக்கும் வாங்க முதல் போதாதுதான். கையிருப்பு தீர்ந்து விலையும் ஏறிவிட்டால் பாக்கெட் விலையை ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே கடைக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். முணுமுணுப்பார்கள், எல்லா மசாலாக் கம்பெனிக்காரரையும் பார்த்து முணுமுணுக்கிறவர்கள்தான் அவர்கள். இன்னொன்று: கவரில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாகப் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மல்லி மிளகாயைத் தாண்டிப் போனால் நீங்கள் அச்சடித்து வைத்திருக்கும் கவரே தப்பாகிவிடும்.

செலவில்லாத ஒரு ஏற்பாடு சொல்கிறேன். ஒவ்வொரு தடவை அரைத்ததிலும் நூறு கிராமை மூடி இறுகிய பாட்டிலில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். புதுத் தூள் வந்ததும் பழைய பாட்டிலையும் அதையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டி, வாசல் வெளிச்சத்தில் நான்கு பேரும் பார்க்கட்டும். அன்றைக்கு மதியம் எல்லோருக்கும் அந்தத் தூளிலேயே குழம்பு வையுங்கள். நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். உப்பு, புளி பற்றியெல்லாம் பேச்சு வரும். அதற்கு நடுவே "போன தடவை மாதிரி இல்லையே" என்று ஒருவர் சொல்வார். அந்தப் பேச்சுக்குத்தான் இவ்வளவும்.

அப்படி ஒருவர் சொன்னால் அந்தச் சரக்கு வெளியே போகக் கூடாது. சொல்கிற உரிமை நான்கு பேருக்கும் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் தடவை ஒருவர் நிறுத்தும்போது உங்களுக்கு நஷ்டம் வரும், வயிறு எரியும். முகத்தைச் சுளிக்காமல் இருக்க முடிகிறதா பாருங்கள். சுளித்தீர்களானால் இரண்டாவது தடவை யாரும் சொல்ல மாட்டார்கள்.

சின்ன இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றினால் உங்களுக்குப் பக்கத்து ஊரையே பாருங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ.வெங்கடசாமி 1976-ல், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடுதான் ஆரம்பித்தார். காசு கொடுப்பவருக்கும் கொடுக்க முடியாதவருக்கும் ஒரே டாக்டர்கள்தான் என்பது அங்கே வழக்கம். கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து, அவர்களே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்வதும் அங்கே வழக்கம். பெரிதான பிறகு உட்கார்ந்து எழுதிய கொள்கைகள் அல்ல இவை. சின்னதாக இருக்கும்போது பழகியது எதுவோ, அதுதான் கூடவே வளரும், நல்லதும் கெட்டதும்.

அடுத்து, போன பெண். ஏன் போகிறாய் என்று கேட்டதற்கு அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று முழுக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை சம்பளம் ஏற்றியிருக்கிறீர்கள், அதுவும் அவரே வாய்விட்டுக் கேட்ட பிறகு. கடைசி ஆறு மாதம், மிளகாய் எப்போது வறுபட்டது என்று மூக்காலேயே சொல்லக்கூடிய ஒருவருக்கு, அடுப்புப் பக்கமே போகாத உங்கள் அக்கா மகன் மேற்பார்வையாளர். பக்குவத்தைக் கொண்டு போய்விடுவாரோ என்ற பயமும் கடிதத்தில் தெரிகிறது. அளவு தெரிந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர். அதே அளவை மாதாமாதம் பிசகாமல் போடுகிற ஆள் கிடைப்பதுதான் அரிது. அந்த ஆளைத்தான் விட்டுவிட்டீர்கள்.

அக்கா மகன் தம்பிக்கு வேறு வேலை கொடுங்கள். ஆன்லைன் ஆர்டர், கணக்கு, கடை வசூல் எல்லாம் அவர் செய்யட்டும், அதற்குத்தான் படித்திருக்கிறார். வறுவல், அரவை, பாக்கிங் மூன்றும் மூத்த பெண்மணி ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், அதற்கென்று சம்பளத்தில் தனியாக ஒரு தொகையோடு. உங்கள் அக்கா வருத்தப்படுவார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

சம்பளத் தேதி தவறக் கூடாது; தவறினால் மற்ற எதைச் சொன்னாலும் எடுபடாது. வருடத்துக்கு ஒரு மாதம் குறித்து, கேட்காமலே ஏற்றுங்கள். பாக்கிங் மேஜைக்கு நான்கு நாற்காலி வாங்கிப் போடுங்கள். கடைகள், நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தினார்கள். உங்கள் ஷெட்டுக்கு அது பொருந்துமா என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கால் கடுக்க நின்று சீல் போடுகிற கை பிற்பகலில் கோணலாகப் போடும். கோணல் சீலில் காற்றுப் போய்த் தூள் கட்டி தட்டும்.

லோகோவுக்கு முன்னால் பார்க்க வேண்டியது பெயர். உங்கள் சரக்குக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே போடவில்லை. வீடு, சுவை, பாரம்பரியம் மூன்றையும் கலந்து வைத்திருக்கிறீர்கள். சரக்கை வர்ணிக்கிற இந்த மாதிரிச் சொற்களுக்கு டிரேட்மார்க் கிடைப்பது கஷ்டம், பக்கத்து ஊர்க்காரர் அதையே கொஞ்சம் மாற்றி வைத்தால் தடுப்பதும் கஷ்டம். டிரேட்மார்க் தளத்தில் 30-ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள், மசாலா அதில்தான் வரும். தேடுவதற்குக் கட்டணம் கிடையாது. தனிநபராக ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவானால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். டிசைன்காரர் அனுப்பிய மாதிரிக் கவரில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டிருக்கிறார், பார்த்தீர்களா? பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது சட்டப்படி குற்றம். எடுக்கச் சொல்லுங்கள். சிறுதொழில் பதிவான உத்யமுக்கும் அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. இரண்டாயிரம் கொடு, செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

கவரில் வாடிக்கையாளர் புகார் எண் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் இப்போது தம்பியின் நம்பர் இருக்கிறது. நான் இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. தனியாக ஒரு போன் வாங்கி ஷெட்டிலேயே வையுங்கள். யார் எடுத்தாலும், "வேறு பாக்கெட் அனுப்புகிறோம்மா" என்று உங்களைக் கேட்காமலே சொல்லலாம் என்று நான்கு பேருக்கும் அனுமதி கொடுங்கள்.

பாக்கெட்டைத் திருப்பிய அந்த இரண்டு கடைக்கும் இந்த வாரமே போங்கள். மல்லி கூடிவிட்டது, சரி செய்துவிட்டோம் என்று உள்ளதைச் சொல்லிப் புதுச் சரக்கைக் கொடுங்கள். அதே நாள் அரைத்தது வேறு கடைகளில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தம்பியை அனுப்ப வேண்டாம், நீங்களே போங்கள். முடிந்தால் பாக்கிங் பெண்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.