கையெழுத்துப் போடுங்கள் தங்கச்சி

மன்னார்குடியிலிருந்து இங்கிலாந்தில் ரெடிங் ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஆறு வயதுப் பையன் வகுப்பில் வாயே திறப்பதில்லை, எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் (பிள்ளைகளின் கற்றலைக் கவனிக்கும் உளவியலாளர்) வந்து பார்க்கச் சம்மதம் கேட்டுப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே வாடகை, குளிர்கோட்டு, எந்த மிக்ஸி வாங்குவது என்றெல்லாம். அதையெல்லாம் பக்கத்தில் இருக்கிற எந்தத் தமிழரும் சொல்லிவிடுவார். நான் கடிதத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் 2011-ல் அதே மாதிரி ஒரு கடிதத்தைப் பத்து நாள் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தவள் நான்.

கையெழுத்துப் போடுங்கள்.

அப்போது லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் நாங்கள் மூன்று பேர். மாடியில் இருந்த அக்கா, "போட்டுடாத, பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க, அப்புறம் பிள்ளையையே தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். பதினைந்து வருஷம் இங்கே இருந்தவர் சொன்னால் நம்பத்தானே தோன்றும். அவர் அப்படி ஒருவரைக்கூட நேரில் பார்த்தது கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. நம்மவர்களிடம் எனக்குத் தீராத வருத்தம் இதுதான். நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்கிற கிராமர் ஸ்கூலுக்கான டியூஷனுக்கு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கார் ஓட்டுவார்கள், மார்க் வந்தால் எல்லா குரூப்பிலும் போடுவார்கள், பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, எழுத்து கூடவில்லை என்றால் மட்டும் பொங்கல் விழாவுக்குக்கூட அழைத்து வராமல் வீட்டிலேயே வைத்துவிடுவார்கள்.

வருகிறவர் டாக்டர் இல்லை, மருந்து எழுதித் தர மாட்டார். வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார், விளையாட்டு நேரத்தில் பார்ப்பார், டீச்சரிடமும் உங்களிடமும் பேசுவார். அவர் எழுதித் தருவதில் பாதிக்கு மேல் டீச்சர் என்ன மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதாகத்தான் இருக்கும். வீட்டில் தமிழில் சரளமாகப் பேசுகிறானா, ஊரில் எப்படி இருந்தான் என்பது அவருக்கு மிக முக்கியம், புது மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளைகள் சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது சகஜம். இதை நீங்கள் தமிழிலேயே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையையே இடையில் நிறுத்தி மொழிபெயர்க்க விடாதீர்கள்.

இன்னொன்று. "வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்க" என்று யாராவது சொல்வார்கள், அதுவும் பெரும்பாலும் நம்மவர்களே. கேட்காதீர்கள். வீட்டு மொழி வேறு என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்று இங்கிலாந்தின் 2014 சட்டத்திலேயே இருக்கிறது. நான் ஒரு வருஷம் ஓட்டை இங்கிலீஷில் பேசி என் பையனிடம் கதை சொல்வதையே நிறுத்திவிட்டேன். அந்த ஒரு வருஷம் திரும்பி வராது.

பள்ளியில் சென்கோ என்று ஒரு டீச்சர் இருப்பார், கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர். அவரிடம் பேசியதை அன்றைக்கே மெயிலாகவும் அனுப்பிவையுங்கள். பின்னால் பெரிய உதவி தேவைப்பட்டால் இ.எச்.சி. (கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றுக்கும் சேர்த்து உதவித் திட்டம் போடுவதற்கான) மதிப்பீடு வேண்டும் என்று கவுன்சிலுக்கு நீங்களே எழுதலாம், பள்ளிதான் எழுத வேண்டும் என்று இல்லை. 6 வாரத்துக்குள் மதிப்பீடு செய்வார்களா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும், பிளான் கொடுப்பதானால் மொத்தம் 20 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். இழுத்தடிப்பார்கள், விடாமல் கேளுங்கள். மாட்டோம் என்றால் மேல்முறையீட்டுக்கு டிரிப்யூனல் இருக்கிறது. உங்கள் பையனுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

எங்களுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. எனக்கு நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, பாமணியாறு அங்கிருந்துதான் உங்கள் ஊருக்கு வருகிறது. என் பையன் ஐந்து வயது வரை என் அப்பா தோளில் உட்கார்ந்து வயலுக்குப் போனவன். கடைசியில் நான் கையெழுத்துப் போட்டு, அந்த சைக்காலஜிஸ்ட் அம்மா வந்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு முதலில் கேட்டது, "மணல் தொட்டியில் தினமும் இதைச் செய்கிறானே, இது என்ன?" என்றுதான். ஒரு தாளில் வரைந்து காட்டினார். நீளமாக ஒரு கோடு, அது மூன்றாகப் பிரிகிறது, ஒவ்வொரு பிரிவின் வாயிலும் குறுக்கே ஒரு குச்சி. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்கள் ஊர்த் தலைப்பும், தண்ணீரைத் திறந்து மூடுகிற ஷட்டரும். அவன் தனியாக உட்கார்ந்து மண்ணைக் கிளறுகிறான் என்றுதான் அதுவரை டீச்சர் எழுதி வந்திருந்தார்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பது, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று அப்பாவும் இவனும் தினம் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பது, எல்லாவற்றையும் அரை மணி நேரம் சொன்னேன். அவர் எழுதித் தந்தது ரொம்பச் சின்ன விஷயம்: மணல் தொட்டிக்கு ஒரு வாளித் தண்ணீர் கொடுங்கள், கூட இரண்டு பிள்ளைகளை விடுங்கள், அவனைப் பேசச் சொல்லாதீர்கள். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, வாளியை அப்படியே கவிழ்க்கப் போன பிள்ளையின் கையைப் பிடித்து "நோ, வெயிட்" என்றானாம். டீச்சர் கேட் வரைக்கும் ஓடி வந்து சொன்னார்.

அந்தத் தாளை வாங்கி வைத்திருக்கிறேன். அவர் வரைந்ததன் மேல் என் அப்பா, ஊருக்குப் போயிருந்தபோது, பேனாவால் மூன்று ஆற்றின் பேரையும் எழுதிக் கொடுத்தார்.