தொண்டு மருத்துவமனைத் தலைவரின் சம்பளத்தை யார் கேட்பது? – வாசகர் கேள்விகள்

கேள்வி: சென்ற இதழில், அயர்லாந்து நாடாளுமன்றம் தொண்டு நிறுவனத் தலைவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சம்பளக் கணக்கு கேட்டது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். முழு விவரமும் சொல்லுங்கள் சார்.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே. அயர்லாந்தில் மருத்துவமனைகளும் மாற்றுத்திறனாளிகளுக்கான மையங்களும் நிறைய இருக்கின்றன, ஆனால் பலவற்றை அரசு நேரடியாக நடத்துவதில்லை. திருச்சபைத் துறவியர் அமைப்புகளோ அறக்கட்டளைகளோ தொடங்கியவை அவை, பணம் மட்டும் அரசிடமிருந்து போகும். அந்தப் பணத்தைக் கொடுப்பது 2005-ல் தொடங்கப்பட்ட சுகாதார சேவை நிர்வாகம், அங்கே எல்லோரும் எச்.எஸ்.இ. என்றுதான் சொல்வார்கள். 2004-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டத்தில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 38-ஆம் பிரிவின்கீழ் வரும் நிறுவனம் அரசுக்குப் பதிலாகச் சேவை தருகிறது, அதனால் அதன் ஊழியர்களுக்கு அரசு நிர்ணயித்த சம்பள விகிதம்தான். 39-ஆம் பிரிவின்கீழ் வருவதற்கு மானியம் மட்டுமே, சம்பளம் அதன் பாடு.

2013 நவம்பரில் எச்.எஸ்.இ. நடத்திய ஓர் உள்தணிக்கை அறிக்கை வெளியே வந்தது. 38-ஆம் பிரிவு நிறுவனங்கள் பலவற்றில் மேலதிகாரிகளுக்கு அரசு விகிதத்துக்கு மேல் தனியாக ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது, ‘டாப்-அப்’ என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் இந்தத் தொகை வளாகக் கடையின் வருமானத்திலிருந்து போயிருக்கிறது. மக்களை அதிகம் கொதிக்கவைத்தது டப்ளினில் குளோன்டார்ஃப் பகுதியில் இருக்கும் சென்ட்ரல் ரெமீடியல் கிளினிக். 1951-ல் தொடங்கிய இடம், உடல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை தருவது. அதன் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி பால் கீலியின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 2,42,000 யூரோ, அன்றைய மதிப்பில் 2 கோடி ரூபாய். அதில் பாதிக்கும் குறைவுதான் எச்.எஸ்.இ. ஏற்றுக்கொண்ட சம்பளம். மீதி, அந்தக் கிளினிக்குக்காகவே நன்கொடை திரட்டும் ‘நண்பர்கள் மற்றும் ஆதரவாளர்கள்’ அமைப்பின் பணம்.

அரசுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் நாடாளுமன்றக் குழுவான பொதுக்கணக்குக் குழு விசாரணையைத் தொடங்கியது. டிசம்பரிலேயே கிளினிக்கின் நிர்வாகக் குழு பதவி விலகியது, எச்.எஸ்.இ. ஓர் இடைக்கால நிர்வாகியை அனுப்பியது. அவர் கணக்குகளைப் பார்த்துவிட்டு 2014 ஜனவரியில் பொதுக்கணக்குக் குழுவின் முன் வந்து சொன்னபோதுதான், கீலி ஓய்வு பெற்றபோது மொத்தம் 7,40,000 யூரோவுக்கு மேல் அவருக்காக ஒதுக்கப்பட்டது வெளியே தெரிந்தது. அதற்காக அந்த நன்கொடை அமைப்பிலிருந்து கிளினிக்குக்கு வந்தது 7,00,000 யூரோ. கொடுத்த அமைப்பிலும் வாங்கிய அமைப்பிலும் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அதே ஆட்கள். பிள்ளைகளின் சிகிச்சைக்கு என்று நம்பித்தான் ஜனங்கள் காசு போட்டார்கள். நாடாளுமன்றம் கேட்டிராவிட்டால் இது இன்றைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சேவை செய்யும் ஒரு நிறுவனத்தை நடத்துவது சாதாரண வேலையா? நல்ல சம்பளம் கொடுத்தால்தானே திறமையானவர்கள் வருவார்கள்? இதில் என்ன தப்பு?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நல்ல சம்பளம் கொடுப்பதில் தப்பே இல்லை. கொடுத்ததை மறைத்ததில்தான் தப்பு. ஒரு நிறுவனம், ‘எங்களுக்கு இவர்தான் வேண்டும், இவ்வளவு கொடுக்கிறோம், காரணம் இது’ என்று ஆண்டறிக்கையில் எழுதிவிட்டால், நன்கொடை தருகிறவர் அதைப் பார்த்துவிட்டுத் தரலாம், தராமலும் போகலாம். அங்கே மேலே காட்டிய சம்பளம் ஒன்று, கீழே கைமாறியது வேறொன்று.

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவன் நான். இதே விவகாரத்தில் பிறகு ஒரு பெண் அதிகாரி வழக்குப் போட்டு நாடாளுமன்றக் குழுவையே தோற்கடித்தார் என்று படித்தேன். நாடாளுமன்றத்துக்குள் பேசியதை நீதிமன்றம் எப்படி விசாரிக்க முடியும்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: இந்த விவகாரத்தில் நான் அதிகம் யோசித்த பகுதி இதுதான், கேட்டதற்கு நன்றி. அவர் ஏஞ்சலா கெரின்ஸ், ரிஹாப் என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய தொண்டு அமைப்பின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர், சம்பளம் ஆண்டுக்கு 2,40,000 யூரோ. ரிஹாப் 38-ஆம் பிரிவு நிறுவனம் அல்ல என்பதைக் கவனியுங்கள், அரசு சம்பள விகிதம் அதைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அரசுப் பணம் கோடிக்கணக்கில் வாங்கியது. குழு அவருக்கு அனுப்பிய அழைப்பில் மூன்று வகைப் பணம் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருந்தது: எச்.எஸ்.இ. தந்தது, தொழிற்பயிற்சித் துறை வழியாக வந்தது, அறக்கட்டளை லாட்டரி நிதியிலிருந்து வந்தது. 2014 பிப்ரவரி 27-ஆம் தேதி அவர் தாமாகவே போனார். ஏறத்தாழ 7 மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டார்கள். சம்பளம், கார், தனிப்பட்ட தொழில் தொடர்புகள் என்று கேள்விகள் அழைப்பைத் தாண்டி எங்கெங்கோ போயின, அதுவும் நேரலையில். ஏப்ரலில் அவர் பதவி விலகினார்.

அடுத்த முறை அவரைக் கட்டாயப்படுத்தி வரவைக்கக் குழு அதிகாரம் கேட்டது. நாடாளுமன்றத்தின் நடைமுறை மற்றும் சிறப்புரிமைக் குழு 2014 ஜூலையில் மறுத்துவிட்டது, இது உங்கள் வரம்புக்குள் வராது என்று. நாடாளுமன்றமே தன் குழுவுக்குச் சொன்ன பதில் இது, பிறகு வழக்கில் இது பெரிய ஆயுதமானது. 2017-ல் உயர் நீதிமன்றத்தில் கெரின்ஸ் தோற்றார், அவைக்குள் பேசியதில் தலையிட முடியாது என்று. அவர் மேல்முறையீடு செய்தார். 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள், தலைமை நீதிபதி ஃபிராங்க் கிளார்க் தீர்ப்பை எழுதினார். உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சுக்காக அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது, அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு குழு மொத்தமாகத் தன் வரம்பை மீறி நடந்தால், ஒரு குடிமகளை ஒன்றைச் சொல்லி அழைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டால், அதை நீதிமன்றம் பார்க்கலாம் என்றார்கள். மே மாதம், குழு சட்டவிரோதமாக நடந்துகொண்டது என்றே அறிவித்தார்கள்.

என் கருத்து: தீர்ப்பு சரி. கேள்வியும் சரிதான், கேட்ட முறைதான் தப்பு. கிளினிக் விஷயத்தில் குழு ஜெயித்தது, ஏனென்றால் அரசு சம்பள விகிதம் என்ற ஒரு விதி அங்கே இருந்தது, அது மீறப்பட்டதா என்று கேட்டார்கள், தாள்கள் வந்தன. ரிஹாப் விஷயத்தில் விதியே இல்லை, அதனால் கோபம் மட்டும்தான் இருந்தது. மானியம் கொடுக்கும்போதே ‘உச்ச சம்பளம் இவ்வளவு, வெளியிட வேண்டும், மீறினால் மானியம் குறையும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் 7 மணி நேரமே வேண்டியிருக்காது, அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். வரம்பை மீறியதால் இப்போது எந்தக் குழுவும் கடினமான கேள்விக்கு முன்னால் வக்கீலைத்தான் பார்க்கும். அந்த இழப்பு மக்களுக்குத்தான்.

கேள்வி: நான் கார்க் நகரில் ஒரு பராமரிப்பு மையத்தில் வேலை செய்கிறேன். 39-ஆம் பிரிவு நிறுவனம். எச்.எஸ்.இ. ஊழியர்கள் செய்யும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் குறைவு. மேலே இருப்பவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், எங்களைப் பற்றி?
– ஒரு வாசகி, அயர்லாந்து

பதில்: நியாயமான கோபம், அம்மா. பொருளாதார நெருக்கடி வந்தபோது அரசு ஊழியர்களின் சம்பளத்தை வெட்டினார்கள், உங்கள் நிறுவனங்களுக்கு மானியத்தைக் குறைத்து அதே அளவு உங்களுக்கும் வெட்டவைத்தார்கள். வெட்டியதைத் திருப்பிக் கொடுக்கும் காலம் வந்ததும், நீங்கள் அரசு ஊழியர் இல்லையே என்றார்கள். வேலைநிறுத்த அறிவிப்புகள், பேச்சுவார்த்தைகள் என்று ஆண்டுகள் ஓடி, 2023 அக்டோபரில்தான் 8 சதவீத உயர்வுக்கு ஓர் உடன்பாடு வந்தது. ‘நாங்கள் அரசு நிறுவனம் இல்லை’ என்ற ஒரே வாசகம், மேலே இருப்பவரின் சம்பளத்தைக் கேட்கவிடாமல் காப்பாற்றியது, கீழே நோயாளியைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவருக்கு உரியதைத் தராமல் இருக்கவும் பயன்பட்டது. பொதுக்கணக்குக் குழு மேல்சம்பளத்தைக் கேட்கும் அதே நாளில், அந்த நிறுவனத்தின் மிகக் குறைந்த சம்பளத்தையும் மேசையில் வைக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே மானியத்திலிருந்துதான் போகின்றன.

கேள்வி: நம்ம ஊரில் இப்படிக் கேட்க வழி இருக்கிறதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது. நம் நாடாளுமன்றத்திலும் பொதுக்கணக்குக் குழு உண்டு, 1967 முதல் தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குத் தருவது மரபு. ஒரு தனியார் அமைப்பு அரசிடமிருந்து ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் மானியமோ கடனோ வாங்கி, அது அதன் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அதன் கணக்கைப் பார்க்கலாம் என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது.

உங்களுக்கு உடனே உதவக்கூடியது வேறு. தகவல் உரிமைச் சட்டத்தில், அரசு நிதியில் கணிசமாக இயங்கும் தொண்டு நிறுவனமும் அடங்கும். ‘கணிசம்’ என்றால் பாதிக்கு மேல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, மருத்துவமனைக்கு நகரத்துக்குள் அரசு இலவசமாகவோ பெரிய தள்ளுபடியிலோ நிலம் கொடுத்திருந்தால் அதுவே போதுமானதாக இருக்கலாம் என்று 2019 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றம் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படி வரும் நிறுவனம் ஒவ்வோர் அதிகாரியின் மாதச் சம்பளத்தையும் தானாகவே வெளியிட வேண்டும், சட்டத்தின் 4-ஆவது பிரிவு அது. எனவே முதலில் வருவாய்த் துறைக்கு மனுப் போட்டு, அந்த மருத்துவமனை நிற்கும் நிலம் எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்ற ஆணையின் நகலை வாங்குங்கள். அப்புறம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு இரண்டாவது மனு.