கொங்குப் பகுதியில் சொந்த வீடு: எந்த மாதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துவிட்டு, அவிநாசி பக்கம் பழைய தனி வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறீர்கள். மாமனார், மாமியார், இரண்டு குழந்தைகள் உடன் இருக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் வீட்டிலும் மின்சாதனங்களிலும் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காங்கேயம் பக்கத்தில் இதே போன்ற பழைய வீட்டில் வசிப்பவன். மற்றவர்கள் ஏசியில் தொடங்குவார்கள். நான், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியில் தொடங்குகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது நினைவிருக்கும். அடுத்த கோடையில் எங்கள் கிணறு வறண்டது, தென்னை காய்ந்தது. அந்த வைகாசியில் அம்மா ஒரு நாள், "கண்ணு, மாவாட்டும்போது கை விறுவிறு என்கிறது" என்றார். நான் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். அம்மா ஒரு மரப்பலகையை எடுத்துப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு ஆட்டத் தொடங்கினார். விறுவிறுப்பு நின்றது, பேச்சும் நின்றது. பத்து நாள் கழித்து, கழுவி ஈரமாக இருந்த தரையில் வெறுங்காலோடு ஓடிவந்த என் ஆறு வயது மகள் கிரைண்டரைத் தொட்டு அலறினாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எலெக்ட்ரீசியன் வந்தார். கிரைண்டர் மோட்டாரில் சுருள் ஈரம் பட்டுக் கசிந்திருந்தது. அதைவிட அவரைக் கவலைப்படுத்தியது எர்த் குழி. மூடியைத் திறந்தால் மண் சுருங்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே விரல் போகும் அளவுக்கு இடைவெளி. நட்டு துருப்பிடித்துக் கழன்று கிடந்தது. "உங்கள் அம்மா பலகைமேல் நின்றதால் பிழைத்தார்" என்று மட்டும் சொன்னார். கிரைண்டரின் உடலில் கசிந்த மின்சாரம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். மண் அதை வாங்கவில்லை என்றால், தொடுகிற ஆள் வழியாகத்தான் போகும்.

நம் பகுதி மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் மேலே கொஞ்சம் செம்மண், அதன் கீழே சரளை, பிறகு பாறை. ஈரம் தங்காது. காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. பழைய வீடுகளில் குழாயைச் சுற்றி அடுப்புக்கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். அவை ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான். ஈரமே இல்லையென்றால் எதைப் பிடித்து வைக்கும்? மாசி பிறந்ததும் எலெக்ட்ரீசியனை அழைத்து நட்டு, கம்பி, மண் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். எர்த்தின் மின்தடை ஐந்து ஓமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. பங்குனி முதல் நல்ல மழை பிடிக்கும்வரை வாரம் ஒரு முறை குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் இது வீண் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். துணி அலசிய தண்ணீரே போதும்.

அடுத்தது, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவி, இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடு என்றால் வெறும் பியூஸ் கட்டையோ, எம்சிபி மட்டுமோ இருக்கலாம். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் விழும் எம்சிபி உங்கள் வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் இருக்கிறது, அவை ஆளைக் காக்கப் போதாது. அதில் ஒரு சிறு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் கருவி உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு வீடு கழுவும் வழக்கம் இருப்பதால் அன்றே இதையும் அழுத்திவிடுகிறோம், மறப்பதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பொத்தான் கருவியை மட்டும்தான் சோதிக்கிறது, எர்த் குழியை அல்ல. பொத்தான் வேலை செய்கிறது என்பதற்காகக் குழியை மறந்துவிட முடியாது.

கோடைக்கான மற்ற வேலைகள் சிறியவை. ஏசி வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். நம் தூசிக்கு மாதம் ஒரு முறை போதாது. ஏசிக்குத் தனி லைன் இருக்கட்டும். பிளக் முனை கறுத்திருந்தாலோ கை வைத்தால் சுட்டாலோ அன்றே மாற்றுங்கள். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டுமே ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது, அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வெளிவருவதால் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். பூஜை அறையை ஒட்டி வைக்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் வருகிற கோடை மழை இடி மின்னலோடுதான் வரும். மேற்கே கறுத்ததும் டிவி, மோடம், ஃபிரிட்ஜ் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இனி காற்று. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இது புதிதாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. கேரளத்தில் மழை பிடித்தால் அந்த வாசல் வழியாக நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். ஆனியில் தொடங்கி ஆடி முழுக்க அடிக்கும். உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதற்கும் இந்தக் காற்றுதான் காரணம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பழமொழியாக மட்டும் கேட்டிருப்பீர்கள். இங்கே தண்ணீர்த் தொட்டி மூடி பறந்து அடுத்த தெருவில் விழுவதைப் பார்ப்பீர்கள்.

வைகாசி முடிவதற்குள் ஒரு முறை மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தொட்டி மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள். சோலார் ஹீட்டரின் கால்களில் உள்ள போல்ட்டுகளை முடுக்குங்கள். தகரக் கூரை இருந்தால் கொக்கி போல்ட்டில் எது ஆடுகிறது என்று பாருங்கள். மாடிச் சுவரில் வைத்திருக்கும் பூந்தொட்டிகளைக் கீழே இறக்குங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் தென்னை மட்டையிலோ சுவர் முனையிலோ உரசுகிறதா என்பது முக்கியம். ஒரு மாதம் உரசினால் மேலுறை தேய்ந்துவிடும். மரக்கிளை உரசினால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், நீங்களே வெட்ட வேண்டாம். வயர்மேல் விழுந்த மட்டையைத் தொரட்டியாலோ இரும்புக் குழாயாலோ இழுக்கவே கூடாது. கம்பி அறுந்து கிடந்தால் யாரையும் கிட்டே விடாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் பேசுங்கள். 94987 94987 என்ற அந்த எண்ணில் இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். எண்ணை மாமனார், மாமியார் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தாமே.

துணி காயப்போடும் கொடி எதனால் ஆனது? இதை வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் கேட்டுவிடுவேன். பழைய வீடுகளில் இரும்புக் கம்பியை ஒரு முனையில் தகரக் கொட்டகைத் தூணிலும் மறுமுனையில் சுவர்க் கொக்கியிலும் கட்டியிருப்பார்கள். அதே தூண் வழியாக விளக்குக்கு வயர் போயிருக்கும். காற்றில் அந்த வயர் தகரத்தில் உரசி உறை போனால் கொடி முழுக்க மின்சாரம். ஈரத்துணியோடு கை வைப்பவர் உதறக்கூட முடியாது. கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு இன்றே நைலான் கயிறு கட்டுங்கள். தோட்டத்தில் கட்டுத்தரை வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் ஈரத்தரையில் கசியும் மின்சாரம் நமக்கு முன்பு அதைத்தான் கொல்லும்.

நம் பக்கம் பெருமழை ஆடியில் அல்ல, ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே ஒழுகல் பார்க்கும் வேலையை ஆவணி, புரட்டாசியில் முடித்துக்கொள்ளலாம். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் ஆடிக்காற்று கொண்டுவந்த சருகு அடைத்திருக்கும், அள்ளிவிடுங்கள். ஈரம் ஊறும் சுவரில் ஸ்விட்ச் பெட்டி இருந்தால் மழைக்கு முன்பே இடம் மாற்றுங்கள். வாசல் அழைப்புமணிப் பொத்தான், வெளி விளக்கு, போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி இவற்றில் மழைச்சாரல் படாமல் இருக்க வேண்டும்.

இந்த ஊர்ப்பக்கம் ஆயுத பூஜை பெரிய நாள். தறிக்கூடம், பட்டறை எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். வீட்டிலும் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் உண்டு. அன்று எப்படியும் எல்லாவற்றையும் இழுத்து வைத்துத் துடைப்பீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு ஒயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். எலி கடித்த இடம், விரிசல், இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம் எல்லாம் கையில் சிக்கும். மூன்று முனை பிளக்கில் நீளமும் தடிமனும் கூடிய முனைதான் எர்த். அது முதலில் இணைய வேண்டும் என்பதற்காகவே நீளமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பிடுங்கிவிட்டு இரண்டு முனையாகச் செருகும் பழக்கம் யாருக்கு இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் டெங்கு. பூந்தொட்டித் தட்டையும் தேங்காய்ச் சிரட்டையையும் எல்லோரும் கவிழ்ப்பார்கள். ஃபிரிட்ஜின் பின்னால், கம்பிரசர் பக்கம் ஒரு தட்டு இருக்கிறது. உருகிய தண்ணீர் அதில்தான் தேங்கும், பெரும்பாலான வீடுகளில் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூட ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை கொட்டினால் போதும்.

தீபாவளிப் பலகாரத்துக்கு அடுப்பு நாள் முழுக்க எரியுமுன் கேஸ் குழாயைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிறக் குழாயாக இருந்தாலும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் பேசுங்கள்.

மார்கழிக் குளிருக்கு ஹீட்டர். இங்கே உங்களுக்கு முதல் எதிரி போர் தண்ணீர். நம் பக்கத்து வீடுகளில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குழாய் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஹீட்டருக்குப் போவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். சூடாகச் சூடாக அதில் உள்ள சுண்ணாம்பு, கம்பிச் சுருள்மேல் வெள்ளையாகப் படிந்துகொண்டே போகும். எங்கள் ஹீட்டரை முதன்முறை திறந்தபோது சுருள் முழுக்கச் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது. அந்த உறைக்குள் சூடு அடைபட்டுச் சுருளின் மேல்குழாய் வெடிக்கும். வெடித்தால் மின்சாரம் நேரே தண்ணீரில் கசியும். கீழே குளிப்பவருக்கு அப்போது துணை ஆர்சிசிபியும் எர்த்தும்தான். கார்த்திகையில் ஒரு முறை மெக்கானிக்கை அழைத்துச் சுருளைச் சுத்தம் செய்து, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் மாற்றி, அழுத்தம் வெளியேறும் வால்வு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஹீட்டருக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் இணைப்புக் கொடுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிக்கும் பழக்கத்தைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். வாஷிங் மெஷினிலும் இதே உப்புதான் படியும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சிட்ரிக் அமிலத் தூள் போட்டுத் துணியில்லாமல் சுடுதண்ணீரில் ஓடவிடலாம். தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு வலையையும் கழுவுங்கள்.

கேஸில் எரியும் ஹீட்டர் குளியலறைக்குள் இருந்தால் உடனே வெளியே மாற்றுங்கள். குளிருக்குச் சன்னலையும் அடைத்துக்கொண்டு குளித்தால் உள்ளே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு வாடை இல்லை, குளிப்பவர் மயங்கிவிழுவது வெளியே தெரியாது. வாளியில் போடும் ஹீட்டர் ராடை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிளக்கைக் கழற்றாமல் தண்ணீர் சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் ஒரு நொடி மறதி, வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வரத்தான் செய்யும்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். இந்த வாரம் ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள். வீட்டை விற்றவரிடம் பேசி எர்த் குழி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பழைய வீடுகளில் அதன்மேல் டைல்ஸ் போட்டு மூடியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் இருந்தது. கல்லை நகர்த்த நான்கு பேர் வேண்டியிருந்தது.